கணக்கு வராதா? யார் சொன்னது?

"நம்ம பையனுக்குக் கணக்கு மண்டையில் ஏறாதுங்க; அவன் தலையெழுத்து அவ்வளவுதான்!"

இந்தப் பேச்சை அவிநாசியிலும் கேட்கலாம், அந்தியூரிலும் கேட்கலாம். பல்லடத்துத் தறிக்கூடத்திலும் கேட்கலாம், பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலும் கேட்கலாம். பெற்றவர் சொல்கிறார்; பக்கத்து வீட்டார் தலையாட்டுகிறார்; பிள்ளையும் கேட்டுக் கேட்டு, "ஆமாம், நமக்கு வராது" என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக் கொள்கிறான். மேல் முறையீடே இல்லாத தீர்ப்பு!

கேட்கிறோம், யாருக்குக் கணக்கு வராது? ஏக்கருக்கு எத்தனை தென்னை நடலாம் என்று நின்ற இடத்திலேயே சொல்லுகிற உழவரின் மகனுக்கா? ஈரோட்டு மஞ்சள் மண்டியிலே குவிண்டால் விலையைக் காதில் வாங்கிய மறுகணமே தன் மூட்டைக்கு என்ன கிடைக்கும் என்று கணித்துவிடும் தாயின் மகளுக்கா? இத்தனை டஜன் தைத்தால் இத்தனை கூலி என்று சனிக்கிழமைச் சம்பளத்தை விரல் நுனியிலே வைத்திருக்கும் திருப்பூர்த் தையற்காரரின் பிள்ளைக்கா? கணக்கிலே பிறந்து கணக்கிலே வளர்ந்து கணக்கிலே வாழும் மக்கள் இவர்கள். இவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்றால், குறை தலையெழுத்தில் இருக்க முடியாது. வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்று தேடுவோம்.

பலாச்சுளையும் இயற்கணிதமும்

பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இயற்கணிதம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பிலே அது அறிமுகமாகிறது. அதுவரை எண்களோடு பழகிய பிள்ளையின் முன்னே திடீரென்று ஓர் எழுத்து வந்து நிற்கிறது. "எக்ஸ் என்றால் என்ன?" என்று பிள்ளை திகைக்கிறது. "அது ஒரு மாறி" என்று புத்தகம் விடை சொல்கிறது. திகைப்பு இரண்டாகிறது.

இது ஏதோ அயல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஒத்து வராது என்று எவரும் எண்ண வேண்டாம். காரிநாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' என்னும் பழந்தமிழ்க் கணக்கு நூலிலே ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. பலாப்பழத்தை அறுக்காமலேயே சுளைகளை எண்ண வேண்டுமா? காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு. முள் 100 என்றால் சுளை 120. எல்லாப் பலாவும் இந்த விதிக்குக் கட்டுப்படுமா என்பது வேறு பேச்சு. கண்ணுக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு தெரியாத ஒன்றைக் கண்டறிவதற்கு ஒரு பொது விதி செய்தார்களே, அதுதான் இயற்கணிதம். முள்ளின் எண்ணிக்கைக்கு ஓர் எழுத்தை வைத்துவிட்டால், ஆறாம் வகுப்புப் பாடம் ஆயிற்று!

உலகம் இந்தக் கணக்கை அழைக்கும் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரிலே அல் குவாரிஸ்மி என்னும் அறிஞர் எழுதிய நூலின் தலைப்பிலுள்ள 'அல் ஜபர்' என்ற சொல்லே ஆங்கிலத்தில் 'அல்ஜீப்ரா' ஆயிற்று. அரபு மொழியிலே அந்தச் சொல்லுக்கு, முறிந்ததைச் சேர்த்துச் சரி செய்தல் என்று பொருள். எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுச் சேர்ப்பதற்கும் அதே சொல்தான்.

சறுக்குவது எங்கே?

இயற்கணிதத்தில் தோற்கிற பிள்ளை, பெரும்பாலும் இயற்கணிதத்தால் தோற்பதில்லை. மூன்றாம் வகுப்பில் விட்ட வகுத்தல், ஐந்தாம் வகுப்பில் பாதியிலே நின்றுபோன பின்னம், கழித்தல் குறி போட்ட எண்ணைக் கண்டால் வரும் அச்சம், இவையெல்லாம் சேர்ந்து அங்கே வந்து காலை வாருகின்றன. அடித்தளத்தில் நான்கு செங்கல் இல்லை. மாடியிலே விரிசல் தெரிகிறது. மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தால் விரிசல் போகுமா?

சமன் குறியையே எடுத்துக் கொள்ளுங்கள். 8 + 4 = ? + 5. கேள்விக் குறி இருக்கும் இடத்தில் என்ன வரும்? 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரிடம் இதைக் கேட்டார்கள். 7 என்று ஒருவரும் சொல்லவில்லை. 12 என்றோ 17 என்றோதான் எழுதினார்கள். பணக்கார நாட்டுப் பள்ளியிலேயே இந்த நிலை! ஏன்? சமன் குறி என்றால் 'இதோ விடை வருகிறது' என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துக் கொண்டிருந்தார்கள். இரண்டு தட்டும் நேராக நிற்கும் தராசு அது என்று அவர்கள் மனத்தில் பதியவில்லை. தராசு மனத்தில் இல்லாத பிள்ளைக்கு, "அந்தப் பக்கம் கொண்டு போனால் குறி மாறும்" என்பது வெறும் மந்திரம். மந்திரம் ஒரு நாள் பலிக்கும். மறுநாள் மறந்து போகும். காரணம் தெரிந்தால்தானே கணக்கு நிலைக்கும்?

ஆசிரியரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. நாற்பது நிமிடப் பாடவேளை, நாற்பது பிள்ளைகள் என்று வைத்துக் கொள்வோம். தலைக்கு ஒரு நிமிடம். அதற்குள் இவன் எந்தப் படியில் நிற்கிறான், அவள் எந்தச் செங்கல்லை விட்டாள் என்று எந்த ஆசிரியரால் துருவிப் பார்க்க முடியும்? பாடத்தை முடித்தாக வேண்டும். தேர்வு வாசலில் நிற்கிறது. தேர் நகர்கிறது, பிள்ளை தெருவிலே நின்று விடுகிறது.

பத்தொன்பது மாதம்

இதற்கு மேல் ஓர் இடி விழுந்தது. கொரோனாத் தொற்றால் 2020 மார்ச்சில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் கதவு திறந்தது. பத்தொன்பது மாதம்!

2020 மார்ச்சில் ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளையை எண்ணிப் பாருங்கள். இயற்கணிதம் தொடங்கும் ஆறாம் வகுப்பு முழுவதையும் பள்ளிப் படியை மிதிக்காமலே கடந்தது. ஏழாம் வகுப்பின் நடுவிலே போய் உட்கார்ந்தது. அப்படிப் போன பிள்ளைகள்தாம் 2025இல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை எழுதினார்கள். அன்று மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களோ, வகுத்தலும் பின்னமும் படிக்க வேண்டிய நாளிலே வீட்டில் இருந்தவர்கள். 2025-26இல் அவர்கள் ஒன்பதாம் வகுப்பு. முறிந்த எலும்போடு ஓடச் சொல்லுகிறோம், ஓடவில்லை என்றால் கால் சரியில்லை என்கிறோம்!

அரசு கைகட்டி நிற்கவில்லை. 2021 அக்டோபர் 27 அன்று, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத் தொகையில், ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள் திண்ணையிலும் மரத்தடியிலும் மாலை வேளையிலே பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 2025இல், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கிய மாணவர்க்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படையை ஊட்ட 'திறன்' என்னும் பயிற்சியும் வந்தது. வரவேற்கிறோம். அந்த வழியிலே இன்னும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அந்த ஓர் அடிக்கு வேண்டிய கருவி ஏற்கெனவே வீடுதோறும் கிடக்கிறது. கைப்பேசி!

பேசும் பெட்டி போதாது, கேட்கும் காது வேண்டும்

கைப்பேசி என்றதும், "காணொலிப் பாடங்கள்தாம் ஆயிரக் கணக்கில் இருக்கின்றனவே" என்பார்கள். உண்மை. 2019 ஆகஸ்டு முதல் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. 2023இல் வந்த 'மணற்கேணி' செயலியிலே தமிழில் நல்ல பாடங்கள் இருக்கின்றன. ஆனால் காணொலி பேசும், கேட்காது. பிள்ளை எந்த இடத்தில் விழித்தது என்று அதற்குத் தெரியாது. விழித்த பிள்ளையை விட்டுவிட்டு அது பாட்டுக்கு அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

உலகமெல்லாம் பெயர் பெற்ற கான் அகாதெமியின் தொடக்கத்தைப் பாருங்கள். 2004இல் பாஸ்டன் நகரிலே நிதித் துறையில் வேலை பார்த்த சல்மான் கான் என்னும் இளைஞர், தொலைவில் நியூ ஆர்லியன்சில் ஏழாம் வகுப்புப் படித்த உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைபேசியிலும் கணினியிலுமாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அளவை மாற்றம் என்ற ஒரே பாடத்தில் அந்தப் பெண் தடுக்கி நின்றாள்; அதனால் கணக்கிலே பின்தங்கியவர் வரிசையில் வைக்கப்பட்டாள். ஒருவர் உட்கார்ந்து கேட்டுச் சொல்லிக் கொடுத்ததும் எழுந்தாள். காணொலிகள் 2006இல்தான் வந்தன. முதலில் இருந்தவை ஒரு பிள்ளை, ஒரு காது, ஒரு தொலைபேசி.

கணினியும் இல்லை, இணையமும் இல்லை என்றால்? ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாடு வழிகாட்டுகிறது. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் ஒரு பகுதிக்கு வாரந்தோறும் கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள். இன்னொரு பகுதிக்குச் செய்தியோடு, ஏறத்தாழ இருபது நிமிடம் தொலைபேசியிலும் அழைத்துப் பேசினார்கள். சாதாரணப் பொத்தான் பேசிதான்! செய்தி மட்டும் போன இடத்தில் பெரிய மாற்றமில்லை. பேசிய இடத்தில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். பின்னர் இந்தியா, நேபாளம், கென்யா, உகாண்டா, பிலிப்பைன்சு ஆகிய ஐந்து நாடுகளிலும் செய்து பார்த்தார்கள். அங்கும் பலன் கண்டது. சொல்லிக் கொடுத்தது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல்தான். ஆனால் இயற்கணிதத்தின் அடித்தளத்துச் செங்கற்கள் அவைதாமே?

அதே 2020இல் இத்தாலியில் பல்கலைக்கழக மாணவர்கள் ஊதியமின்றி, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையத்தின் வழியே ஒருவருக்கொருவராகப் பாடம் சொன்னார்கள். பிள்ளைகளின் மதிப்பெண்ணும் உயர்ந்தது. மனச் சோர்வும் குறைந்தது. கவனியுங்கள், பாடம் சொன்னவர்கள் மாணவர்கள்!

எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். கணக்கு இது: 3ம + 6 = 36. பாடநூலில் ஆங்கில எழுத்து நிற்கும். நாம் மூட்டைக்கு 'ம' என்று வைத்துக் கொள்வோம். பிள்ளை என்ன செய்கிறது? மூன்றையும் ஆறையும் கூட்டி, 9ம = 36 என்று எழுதி, விடை 4 என்கிறது. சுத்தமாக வகுபட்டு விட்டதால், சரியென்றே நம்புகிறது. "தப்பு" என்று ஒரு கோடு கிழித்தால் வேலை முடிந்ததா? சோமனூரிலே ஒரு பையன், கோவையில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், இடையிலே கைப்பேசி. பேச்சு இப்படிப் போகட்டும்:

"மூணு மூட்டை தேங்காய் இருக்குது. வெளியில ஆறு தேங்காய் கிடக்குது. ரெண்டையும் சேர்த்தா ஒன்பது மூட்டை ஆயிருமா கண்ணு?"

"அதெப்படீங்க அக்கா ஆகும்? அந்த ஆறு மூட்டைக்குள்ள இல்லீங்களே!"

"அப்போ மொத்தம் முப்பத்தாறுன்னா, மூட்டைக்குள்ள எத்தனைன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?"

இங்கே கொஞ்சம் மௌனம். அந்த மௌனத்தைக் கலைக்கக் கூடாது. விடை அங்கேதான் முளைக்கிறது.

"வெளியில கிடக்கிற ஆறை எடுத்து வச்சுரலாங்க. மிச்சம் முப்பது. மூணு மூட்டைக்கு முப்பதுன்னா, ஒரு மூட்டைக்குப் பத்துங்க அக்கா."

"சரி, முன்னாடி நாலுன்னு போட்டியே, அதை வச்சுப் பாரு."

"மூநாலு பன்னெண்டு, கூட ஆறு. பதினெட்டுத்தானுங்க வருது! தப்புங்க."

தன் தவற்றைத் தானே கண்ட பிள்ளை இனி எளிதில் அதைச் செய்யாது. 'ஒத்த உறுப்புகளையே கூட்டலாம்' என்ற இலக்கணத்தை அதற்குப் பிறகு சொல்லுங்கள். பசுமரத்தாணி போல் பதியும். இதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. விடையைச் சொல்லி விடாத பொறுமை வேண்டும். ஒவ்வோர் அடியிலும் "ஏன்?" என்று கேட்கும் வழக்கம் வேண்டும். பிள்ளை எழுதிய தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அடித்துத் திருத்தியவற்றையும் பார்க்க வேண்டும். தடுக்கிய இடம் அங்கேதான் தெரியும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு செய்தி போதும். வாரந்தோறும் அதே குரல் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் தமிழிலே பேச வேண்டும். மாறி, கெழு, கோவை, சமன்பாடு என்று பாடநூலிலே படித்த பிள்ளையிடம் ஆங்கிலச் சொற்களை அள்ளி வீசினால், கணக்குச் சுமையோடு மொழிச் சுமையும் சேரும். கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகத் தமிழில் உருவாக்கித் தந்த பெரியசாமித் தூரன் பிறந்த கொங்கு மண்ணிலே, தமிழில் கணக்குச் சொல்ல முடியாது என்று எவர் துணிந்து கூறுவார்?

விலைக்கு வாங்கலாமா?

"பணம் கட்டினால் நிறுவனங்கள் சொல்லித் தருகின்றனவே" என்பார் உண்டு. பணம் இருப்பவர் கட்டட்டும். விசைத்தறி ஓட்டுகிறவர் எங்கே போவார்? 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புடையது என்று பேசப்பட்ட பைஜூஸ் நிறுவனம், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் சென்றதை நாடு பார்த்தது. ஏழைப் பிள்ளையின் படிப்பைச் சந்தையின் ஏற்ற இறக்கத்தில் கட்டி வைக்க முடியாது. அது ஊரின் பொறுப்பு, அரசின் பொறுப்பு.

கோவை செய்யட்டும்

கோவையிலே ஆளா இல்லை? 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தோன்றி இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குவது, 1951இல் தோன்றிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956இல் தோன்றிய கோயமுத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி என்று தொடங்கி, கொங்கு நாடெங்கும் கல்லூரிகள் நிறைந்து கிடக்கின்றன. அங்கே படிக்கிற ஒவ்வொருவருக்கும் 3ம + 6 = 36 தெரியும். அவர்களில் எத்தனையோ பேர், தம் குடும்பத்திலே முதன் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். எவரோ ஓர் ஆசிரியர், எவரோ ஓர் அண்ணன், ஒருநாள் நின்று சொல்லிக் கொடுத்ததால் ஏறி வந்தவர்கள். வந்த வழியைத் திரும்பிப் பார்க்க வேண்டாமா?

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும் என்பது விதி. ஆண்டுக்கு 120 மணி. ஒரு பிள்ளைக்கு வாரம் அரை மணி என்றால், நாற்பது வாரத்துக்கு இருபது மணி. இரண்டு பிள்ளைகளை ஏற்றாலும் நாற்பது மணிதான். ஆண்டுக் கணக்கிலே மூன்றில் ஒரு பங்கு. இந்த நேரத்தைத் தொண்டுக் கணக்கில் சேர்த்துக் கொள்ளலாம் என்று பல்கலைக்கழகங்கள் அறிவிக்கட்டும்.

பள்ளிக் கணக்காசிரியர், எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதித் தரட்டும். பெற்றோரின் ஒப்புதலோடு, பள்ளியின் வழியாகவே பிள்ளையும் பயிற்றுபவரும் இணைக்கப்படட்டும். தந்தை தறிக்கூடத்திலிருந்து திரும்பும் நேரம் எதுவோ, அது பாட நேரமாகட்டும். பேசி அவரிடம்தானே இருக்கிறது? பேச்சு முழுவதும் வீட்டார் கேட்கும்படி, பேசியை ஒலிபெருக்கியில் வைத்து நடக்கட்டும். பெண் பிள்ளைகளின் வீட்டில் தயக்கம் எழாதிருக்க இதுவே வழி. "பேசியைக் கொடுத்தால் பிள்ளை கெட்டுப் போகும்" என்று அஞ்சும் தாய்க்கும் இதிலே ஆறுதல் உண்டு. தன் எதிரிலே அது பாடப் பலகையாவதை அவர் காண்பார்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லி வைக்கிறோம். இது ஆசிரியருக்கு மாற்று ஆகாது. ஆசிரியர் இடம் காலியாக இருக்குமானால் அதை நிரப்புவது அரசின் கடமை. கைப்பேசியைக் காட்டி அந்தக் கடமையைத் தட்டிக் கழிக்க எவரையும் விடக்கூடாது. வகுப்பறையிலே தலைக்கு ஒரு நிமிடம் கிடைத்த பிள்ளைக்கு, வாரத்தில் அரை மணியைக் கூடுதலாகக் கொடுக்கிறோம். அவ்வளவே.

ஆனால் அந்த அரை மணியிலே என்ன தொங்கிக் கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கணக்கில் தோற்ற பிள்ளைக்குப் பத்தாம் வகுப்போடு பள்ளி கசந்து போகிறது. பாலிடெக்னிக் கதவும், தொழில்நுட்பக் கல்லூரிக் கதவும் தொலைவிலே சாத்திக் கொள்கின்றன. அப்பன் ஓட்டிய தறியை மகன் ஓட்டுவதில் இழிவு ஒன்றும் இல்லை. உழைப்பு எதுவும் இழிவில்லை. ஆனால் அதை அவன் தேர்ந்தெடுத்தானா, வேறு வழி அடைபட்டதால் தள்ளப்பட்டானா என்பதிலேதான் மனிதனின் உரிமை இருக்கிறது.

முறிந்ததைச் சேர்ப்பது என்று பெயர் பெற்ற கணக்கு இது. முறிந்தது தானாகச் சேராது. பிடித்துக் கட்ட ஒரு கை வேண்டும். கோவை மாணவர்களே, அந்தக் கை உங்களுடையதாக இருக்கட்டும். உங்கள் ஊரிலே, உங்கள் தெருவிலே, "எனக்கு வராது" என்று புத்தகத்தை மூடி வைத்த ஒரு தம்பியோ தங்கையோ இருப்பார்கள். இந்த வாரமே அழைத்துப் பேசுங்கள். எதிலே தடுக்கியது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பொறுமையாகக் காது கொடுங்கள்.